ஆறரை மணி இலக்கியம்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருக்கும் கட்டுரைக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பதில் எழுதினால் அதற்கொரு மறுப்பு, மறுப்புக்கொரு விளக்கம் என்று இன்னும் மூன்று இதழ்கள் போகும். கவிதைக்கு இருக்கிற பக்கம் குறையும். ஆனாலும் எழுதுகிறேன். அவர் தாக்கியிருப்பது எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தை மட்டுமல்ல. இலக்கியம் எத்தனை மணிக்கு நடக்கிறது, அந்த மணிக்கு யார் வர முடிகிறது என்பதெல்லாம் இலக்கியத்துக்குப் புறம்பான விவகாரம் என்று ஒரு கொள்கையையே நிறுவப் பார்க்கிறார். அந்தக் கொள்கைக்குள் நானும் பத்து வருஷம் குடியிருந்தவன். அதன் கூரை எங்கே ஒழுகும் என்று எனக்குத் தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பிள்ளை வளர்த்துக்கொண்டே எழுதுகிறவர்களுக்காக மதுரையில் நாங்கள் சில பேர் ஒரு வாசிப்புக் கூட்டம் தொடங்கியிருக்கிறோம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. (இரண்டாவது, நாலாவது சனி வங்கிகளுக்கு விடுமுறை என்பது 2015 செப்டம்பரில் வந்த பாக்கியம். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் இல்லை.) இடம் ஒரு நண்பர் வீட்டுக் கூடம். பின்னறையில் குழந்தைகள். முறை வைத்து இரண்டு பேர் பின்னறையில் இருப்பார்கள். மற்றவர்கள் கூடத்தில் வாசிப்பார்கள், கேட்பார்கள், சண்டை போடுவார்கள். இதுவரை நாலு கூட்டம் நடந்திருக்கிறது. சங்கம் இல்லை, தலைவர் இல்லை, பொன்னாடை இல்லை. இதற்குத்தான் நண்பர் 'பால்வாடி இலக்கியம்' என்று பெயர் வைத்திருக்கிறார். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. நாங்களே வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் கூட்டம் எதனால் வந்தது என்று அவர் எழுதவில்லை. அவரும் அன்று அந்த அறையில் இருந்தார். நான் எழுதுகிறேன்.

சென்ற வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் வழக்கமான மாதக் கூட்டம். ஆறரை மணி. ஒரு மாடியறை, ஒரு டியூப்லைட், இருபது பேருக்கும் குறைவு. கவிதை வாசிக்க ஏழு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைப்பது என் வேலை; குமாஸ்தா என்பதால் எங்கே போனாலும் லெட்ஜர் என் கைக்கு வந்துவிடுகிறது. நாலாவது பெயர் ஒரு பள்ளி ஆசிரியை. அவருடைய கவிதைகள் இரண்டு இந்தப் பத்திரிகையிலேயே வந்திருக்கின்றன. மூன்று வயதுப் பையனோடு வந்திருந்தார். கணவருக்கு வெளியூரில் வேலை, மாமியாருக்குக் காய்ச்சல் என்று நான் கேட்காமலே, மன்னிப்புக் கோருகிற குரலில் சொன்னார்.

மூத்த விமர்சகர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரிக்க முடியாது என்பது பொருள். ('எழுத்து' வந்த 1959இலிருந்து நாம் அதைப் பிரிக்க முடியாமலே வைத்திருக்கிறோம்.) நடுவில் பையன், "அம்மா, இந்தத் தாத்தா எப்ப முடிப்பாரு?" என்று கேட்டான். அறையில் பலருக்கும் இருந்த கேள்விதான் அது. சிரித்தார்கள். விமர்சகர் சிரிக்கவில்லை. பேச்சை நிறுத்தி, "குழந்தையைக் கொஞ்சம் வெளியில வச்சுக்கிட்டீங்கன்னா எல்லாருக்கும் சௌகரியமா இருக்கும்மா" என்றார். கடுமையாக அல்ல, மரியாதையாகவே. அவர் பையனைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். பேச்சு இன்னும் நாற்பது நிமிஷம் நடந்தது.

பிறகு கவிதைகள். நாலாவது பெயரை அழைத்தேன். பதில் இல்லை. இன்னொரு முறை அழைத்தேனா என்றால், இல்லை. பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு ஐந்தாவது பெயரை அழைத்தேன். அவர் பத்தடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம், படியில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். பெரியவர் முகம் சுளிப்பார் என்று பயந்தேனா, கூட்டத்தின் ஒழுங்கு கெடும் என்று நினைத்தேனா? இப்போது யோசித்தால் ஒன்றுமே நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. கோடு போடுவது எளிதாக இருந்தது. கூட்டம் முடிந்து இறங்கும்போது படியில் யாருமில்லை. பாதி கடித்த மேரி பிஸ்கட் ஒன்று கிடந்தது.

இது நிர்வாகச் சிக்கல், விமர்சனப் பிரச்சினை அல்ல என்கிறார் நண்பர். நான் எத்தனையோ மதிப்புரைகள் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்காக ஆட்கள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள். எதிலும் ஒரு கவிதையை அந்தக் கோட்டைப்போல அவ்வளவு தீர்மானமாக நான் நிராகரித்ததில்லை. படித்து நிராகரித்தால் விமர்சனம், படிக்காமல் நிராகரித்தால் நிர்வாகம் என்றால், தமிழில் நிர்வாகம்தான் விமர்சனத்தைவிடப் பெரிய வேலை செய்திருக்கிறது.

ஞாயிறு மாலை ஆறரை மணி என்றால் என்ன? மறுநாள் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடுகிற நேரம். மாவு அரைத்து எடுத்து வைக்கிற நேரம். இரண்டு நாளாகத் தள்ளிப்போட்ட வீட்டுப்பாடம் திடீரென்று பையிலிருந்து எழுந்து வருகிற நேரம். இதையெல்லாம் வேறொருவர் பார்த்துக்கொள்கிறபோது மட்டுமே அது உருவம்-உள்ளடக்கம் பற்றி யோசிக்கிற நேரம். "சலுகை கேட்கும் எழுத்து, எழுத்தே அல்ல" என்று நண்பர் எழுதுகிறார். கம்பீரமான வாக்கியம். ஆனால் சலுகையிலேயே பிறந்து சலுகையிலேயே வளர்ந்தவனுக்கு அது சலுகை என்று தெரிவதில்லை.

என்னையே சொல்கிறேன். என் மகளுக்கு ஐந்து வயது. அவள் பிறந்த மூன்றாம் மாதமே நான் கூட்டங்களுக்குத் திரும்பிவிட்டேன். என் மனைவி ஒருநாளும் போக வேண்டாம் என்று சொன்னதில்லை. அதையே நான் ஒரு சம்மதமாக எடுத்துக்கொண்டேன். நண்பரின் கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டியபோது, பருப்பு கடைந்துகொண்டே, "உங்க பத்திரிகைக்கு நீங்க கட்டுற சந்தாவை விட நான் கட்டுறது ஜாஸ்தி" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதிய எல்லாவற்றிலும் அவளுடைய மாலைகள் செலவாகியிருக்கின்றன. கட்டுரைக்குக் கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது.

தியாகம் இல்லாமல் கலை இல்லை என்பதற்கு நண்பர் பாரதியை சாட்சிக்கு அழைக்கிறார். பாரதியை எதற்கு வேண்டுமானாலும் அழைக்கலாம், வந்துவிடுவார். சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதை நாம் எப்போதும் குருவிகளின் பக்கத்திலிருந்துதான் கேட்கிறோம். அந்த வீட்டில் செல்லம்மாவும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். அன்று மத்தியானம் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு விமர்சகனும் கேட்டதில்லை. அந்த அரிசியை மறுபடி சேகரிக்கப் போன கால்களைப் பற்றியும் பேச்சில்லை. தியாகம் நடந்தது வாஸ்தவம். யார் செய்தது என்பதில்தான் கணக்கு தப்புகிறது.

புதுமைப்பித்தன் 1948இல் இறந்தபோது மகளுக்கு இரண்டு வயது. மனைவி கமலா விருத்தாசலமும் கதை எழுதியவர். ஆனால் நம் பக்கங்களில் அவர் யார்? புதுமைப்பித்தனின் கடிதங்களைப் பெற்றுக்கொண்டவர். கடிதம் எழுதியவரின் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் நாம் ஆராய்ச்சி செய்திருக்கிறோம். அவர் போன பிறகு ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு, எழுதத் தெரிந்த ஒரு பெண் எந்த நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்க முடியும் என்று யோசித்த கட்டுரை ஒன்றையும் நான் பார்த்ததில்லை. கமலா பெரிய எழுத்தாளர் என்று நான் வாதிட வரவில்லை. கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது என்கிறேன்.

பிறகு சிரில் கானலி. பி.ஏ. ஆங்கிலம் படித்த எல்லோருக்கும் அவர்மேல் ஒரு மயக்கம் உண்டு, எனக்கும் இருந்தது. 1938இல் எழுதிய புத்தகத்தில், நல்ல கலைக்கு எதிரிகளைப் பட்டியலிடுகிறபோது, வீட்டு நடையில் நிற்கும் குழந்தை வண்டியையும் சேர்த்துக்கொண்டார். நண்பர் அதை வேதவாக்காக எடுத்துப் போடுகிறார். அதை எழுதியபோது கானலிக்குக் குழந்தை கிடையாது. முதல் குழந்தை 1960இல்தான். வண்டியைத் தள்ளிப் பார்க்காமலே எழுதிய வாக்கியம் அது. எலியட்டும் 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தார் என்று எங்கள் கிளையில் நான் அவ்வப்போது பெருமை பேசுவதுண்டு. அவருக்கும் குழந்தைகள் இல்லை என்பதை வசதியாக விட்டுவிடுவேன்.

இதெல்லாம் அமெரிக்க இறக்குமதி என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இருக்கட்டும். நியூயார்க்கில், கீழ் மன்ஹாட்டனில், 2009இல் பென் பேரன்டிஸ் என்று ஒரு அமைப்பு இப்படி ஒரு வாசிப்புத் தொடரைத் தொடங்கியது. எழுதுகிறவர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எழுத்து பிள்ளைகளைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை நண்பர் கவனித்திருந்தால் பாதிக் கட்டுரையை அடித்திருப்பார். வங்கிகள் நெருக்கியடித்து நிற்கிற பேட்டை அது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். சுதந்திரக் கவிதையையே இறக்குமதி செய்துகொண்ட நாம் ஒரு பின்னறையை இறக்குமதி செய்யக் கூச்சப்பட வேண்டியதில்லை. தவிர, சட்டமே சொல்கிறது. 2017இன் மகப்பேறு திருத்தச் சட்டம் வந்ததிலிருந்தே ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும்; தாய் நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்துவரலாம். நவீனத் தமிழ் இலக்கியத்தில் எந்தக் கூட்டத்துக்கும் ஐம்பது பேர் வராததால் நாம் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

நண்பரின் கட்டுரையில் பதில் சொல்லத் தகுந்த வாதம் ஒன்று உண்டு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அறுபடுகிற மனத்தால் ஒரு உருவத்தைக் கட்ட முடியாது என்கிறார். இது உருவம் பற்றிய கேள்வி. இதை நான் மதிக்கிறேன்.

ஆலிஸ் மன்றோ தான் நாவல் எழுதாமல் சிறுகதைகளில் தங்கிவிட்டதற்குக் குழந்தைகள் வளர்ந்த காலத்தில் நேரம் இல்லாததே காரணம் என்று சொல்லியிருக்கிறார். 2013இல் நோபல் பரிசு கிடைத்தது அந்தச் சிறுகதைகளுக்காகத்தான். சில்வியா பிளாத் 1962 இலையுதிர்காலத்தில் இரண்டு குழந்தைகளும் விழிப்பதற்குமுன், விடியற்காலை இருட்டில் எழுதிய கவிதைகளை வைத்துத்தான் நாம் இன்றைக்கு அவரைப் பேசுகிறோம். டோனி மாரிசன் விடியுமுன் எழுதப் பழகியதும் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோதுதான். தமிழில் சல்மா இரவில் குளியலறைக்குள் ஒளிந்து எழுதியதை அவரே சொல்லியிருக்கிறார். அறுபட்ட நேரம் உயர்ந்த கலையைத் தரும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படியென்றால் நம் பஸ் கண்டக்டர்கள் எல்லோரும் மகாகவிகளாகியிருப்பார்கள். எழுத்தின் மூச்சு எவ்வளவு நீளம் என்பதை அன்றாடம் தீர்மானிக்கிறது, அது எல்லோருக்கும் பொது என்கிறேன். நம் புதுக்கவிதையின் பன்னிரண்டு வரி எங்கிருந்து வந்தது? தபால் நிலையங்களிலும் வங்கிகளிலும் பள்ளிகளிலும் மேஜை இழுப்பறையைத் திறந்து மூடுகிற இடைவெளியில் எழுதினோம். அதற்குச் 'செறிவு' என்று பெயர் வைத்துக்கொண்டோம். இரண்டு வவுச்சருக்கு நடுவில் எழுதினால் செறிவு. இரண்டு குக்கர் விசிலுக்கு நடுவில் எழுதினால் அரைவேக்காடு. இந்த அளவுகோலை நண்பர் எந்தக் கடையில் வாங்கினார்?

குழந்தைக் கவிதைகள் பெருகிவிடும் என்ற அவருடைய பயத்தில் எனக்குப் பாதி சம்மதம். இரண்டாவது கூட்டத்தில் தாலாட்டுகள் வந்தன. மகன் முதல் அடி எடுத்து வைத்ததைப் பற்றி ஒரு தகப்பனார் வாசித்தார். நிலா வந்தது, பால் பல் வந்தது, கடவுளும் வந்தார். இது கவிதை அல்ல, ஆல்பம் என்று சொன்னேன். அவர் இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "வாஸ்தவம்தான் சார், எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் எழுதினேன்" என்றார். அடுத்த கூட்டத்துக்கும் வந்தார். மின்வாரியத்து ரீடிங் எடுப்பவர் ஒருவர், பூட்டிய வீடுகளின் மீட்டர் பெட்டிகளைப் பற்றி வாசித்தது இதுவரை எங்கள் கூட்டத்தில் கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஒரு குழந்தையும் இல்லை. பின்னறையில் அவருடைய இரட்டைப் பெண்கள் அப்போது தலையணைகளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் மூன்றாவது கூட்டத்தில் நடந்ததுதான் முக்கியம். நண்பர் கேள்விப்படவில்லை போலும்.

ரேமண்ட் கார்வர் 1980களின் தொடக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். தன் எழுத்தைப் பாதித்தது எந்த எழுத்தாளனும் அல்ல, தன் இரண்டு குழந்தைகள்தான் என்கிறார். நன்றியோடு அல்ல, கசப்போடு. அயோவாவில் ஒரு சலவைக் கடையில், ஈரத் துணிகளை வைத்துக்கொண்டு, உலர்த்தும் இயந்திரம் காலியாவதற்காகக் காத்திருந்தபோது, இனி வாழ்க்கை இப்படித்தான் என்று தெரிந்துபோனதைச் சொல்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. மகள் பிறந்த பிறகு மறுபடி படித்தேன். அப்போது பயமாக இருந்தது. தமிழில் ஒரு தகப்பன் அதை எழுதலாம். கொஞ்சம் முணுமுணுப்பார்கள், பிறகு தைரியசாலி என்பார்கள். ஒரு தாய் எழுத முடியுமா? நம் சினிமாவும் மேடையும் வாரப் பத்திரிகையும் சேர்ந்து 'அம்மா' என்ற சொல்லை மெழுகிப் பூசிக் கோலம் போட்டு வைத்திருக்கின்றன. தீவிர இலக்கியமும் அந்தக் கோலத்தை மிதிக்காமல் ஓரமாகத்தான் நடந்து போகிறது.

மூன்றாவது கூட்டத்தில் ஒரு பெண் நாலு பக்க உரைநடை வாசித்தார். குழந்தை பெற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்த நேரம் என்ன செய்துகொண்டிருப்பேன் என்று ராத்திரி இரண்டு மணிக்குப் போடுகிற கணக்கு. அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, கடைசியில் குழந்தையின் சிரிப்பைப் பார்த்து எல்லாம் மறந்துபோனதாக முடிக்கவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னறையில் அவருடைய பையன் சத்தமாக ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டிருந்தான், கண்ணாமூச்சிக்காக. வாசித்து முடித்ததும் சண்டை. ஒருவர், "இதையெல்லாம் வெளியில சொல்லலாமாம்மா? நாளைக்குப் பையன் படிப்பானே" என்றார். அவர், "படிக்கட்டும் சார். படிக்கத் தெரியாம வளர்ந்தாத்தான் பயம்" என்றார். மன்றோவின் மகள் 2024இல் எழுதியதைப் படித்தவர்கள், தாய்மை எழுத்தையோ எழுத்து தாய்மையையோ உயர்த்திவிடும் என்று என்னிடம் வாதிட வர மாட்டார்கள். எங்கள் கூட்டம் நல்ல பெற்றோருக்கான கூட்டமல்ல. அந்த நாலு பக்கத்தை ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு, அந்த மாடியறையில், அந்த டியூப்லைட்டின் கீழ் யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். வாசித்திருந்தால், உருவம் சரியில்லை என்று முடித்துக் கொடுத்திருப்போம். உண்மையில் உருவம் சரியில்லைதான். இரண்டாம் பக்கம் முழுக்க வெட்ட வேண்டியது. அதையும் சொன்னோம்.

ஒரு இடத்தில் நண்பர் சொல்வது சரி. பிள்ளை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறார். எங்களுக்குத் தெரிந்த ஒரு கதாசிரியர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை; படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை எட்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். அவரால் ஆறரை மணிக்கும் வர முடியாது, பத்து மணிக்கும் முடியாது. அவருடைய அப்பாவைப் பின்னறைக்குக் கொண்டுவர முடியாது. போன மாதம் இரண்டு பேர் அவர் வீட்டுக்கே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டுவிட்டு வந்தார்கள். அதைக் கூட்டம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்த அந்த ஆசிரியைக்கு முதல் கூட்டத்துக்கு முன்பே கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவது கூட்டத்துக்கு முன் மறுபடி எழுதினேன். கோடு போட்டது நான்தான் என்பதையும் எழுதினேன். ஒரு வாரம் கழித்துக் கார்டு வந்தது. கோடு பற்றி ஒன்றும் இல்லை. அவர் வேலை பார்ப்பது தனியார் பள்ளி, சனிக்கிழமைகளில் பள்ளி உண்டு, பன்னிரண்டரைக்குத்தான் விடுவார்கள் என்று இரண்டு வரி. யாருக்காகத் தொடங்கினோமோ அவருக்கு நாங்கள் வைத்த நேரம் ஒத்துவரவில்லை. வங்கிக்கு விடுமுறை என்றால் ஊருக்கே விடுமுறை என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றிப் பார்க்கிறோம். அவர் வருவதாகச் சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஞாயிறு என்றால் மின்வாரிய நண்பருக்கும் இன்னொருவருக்கும் முடியாது. அவர்கள் இரண்டு பேரும்தான் அந்த மாதம் பின்னறைக்கு இருக்க வேண்டியவர்கள். ஆகவே இரண்டு இடம் காலி. ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு நண்பரை அழைக்கிறேன். பத்து மணிக்கு வந்தால் போதும். தலையணைகளைத் தைத்து வைத்திருக்கிறோம்.